இட்லி மாவில் இருக்கும் அதே ஆள் ஜெர்மன் ஜாடியிலும் இருக்கிறார்... தெரியுமா?

மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் கொன்ராட் அடினாவர், சோயா சாஸேஜுக்குக் காப்புரிமை வாங்கியவர், தெரியுமா? ஆமாம், போரில் நொறுங்கிக் கிடந்த நாட்டை 1949 முதல் 1963 வரை தூக்கி நிறுத்திய அதே மனிதர்தான்!

கதை நடந்தது முதல் உலகப் போர்க் காலத்தில். அப்போது அவர் கொலோன் நகர நிர்வாகத்தில் இருந்தார். ஊருக்குச் சோறு போடும் பொறுப்பு அவர் தலையில். கோதுமைக்குத் தட்டுப்பாடு வந்ததும் மக்காச்சோளம், பார்லி, அரிசி மாவு எல்லாம் கலந்து ஒரு ரொட்டியைக் கொண்டுவந்தார். 1916-ல் ருமேனியா எதிரணியில் சேர, அங்கிருந்து வந்த மக்காச்சோளமும் நின்றது. அந்தக் குளிர்காலத்தில் உருளைக்கிழங்குகூட இல்லாமல், மாட்டுத் தீவனமாகப் போட்டுவந்த கிழங்கைத் தின்று ஜெர்மானியர்கள் உயிர் பிழைத்தார்கள். அந்தப் பசிக்கு நடுவில்தான் இறைச்சியின் இடத்தில் சோயா மாவைப் போட்டு சாஸேஜ் செய்யும் யோசனை அவருக்கு வந்தது. சொந்த நாடு காப்புரிமை தர மறுத்துவிட்டது. சாஸேஜ் என்றால் உள்ளே இறைச்சி இருந்தே ஆகவேண்டுமாம்! கொடுத்தது யார் தெரியுமா? பிரிட்டன்! தேதி 1918 ஜூன் 26. இரண்டு நாட்டுச் சிப்பாய்களும் பதுங்குகுழிகளில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த நேரம் அது!

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்பும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ‘பாலும் தயிரும் நெய்யும்கூட வேண்டாம், முழு வீகனாக இருக்கப்போகிறேன்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் ஊரில் அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும். ‘அங்கே போய் என்னத்தைத் தின்பே?’ என்பார். கவலையே வேண்டாம் அம்மா! சாஸேஜ் தேசம் என்று நாம் நினைக்கும் இந்த நாட்டில், சைவ உணவுக்காரர்கள் சங்கம் வைத்தது 1867-லேயே, தெரியுமா? நோர்ட்ஹவுசன் என்ற ஊரில் எடுவர்ட் பால்ட்சர் தொடங்கியது. 1893-ல் சைவ உணவுக்காரர்கள் 18 பேர் சேர்ந்து பெர்லினுக்குப் பக்கத்தில் ஒரானியன்பர்க்கில் ‘ஈடன்’ என்று பழத்தோட்டக் குடியிருப்பே போட்டார்கள். அந்தக் குடியிருப்பு இன்றைக்கும் இருக்கிறது!

இப்போதைய கதை இன்னும் விசேஷம். பெர்லினில் மாணவர் உணவகத்துக்கு மென்சா என்று பெயர். 2010-ல் ஒரு மென்சா முழுச் சைவமானது. 2019-ல் இன்னொன்று முழு வீகன். 2021 அக்டோபரில் நகரத்தின் எல்லா மென்சாக்களுக்கும் புதுப் பட்டியல் வந்தது. அதில் 68 சதவீதம் வீகன், 28 சதவீதம் பால், முட்டை சேர்ந்த சைவம். இறைச்சிக்கும் மீனுக்கும் மிஞ்சியது வெறும் 4 சதவீதம்! இன்னொன்று கேளுங்கள். ரூகன்வால்டர் மூலே என்று ஒரு கம்பெனி, 1834 முதல் சாஸேஜ் செய்கிறது. 2014 கடைசியில் இறைச்சியில்லாத வகைகளை இறக்கினார்கள். ஆறே வருடம்! 2020-ல் இறைச்சியில்லாத சரக்கின் விற்பனை இறைச்சிச் சரக்கை முந்திவிட்டது.

சரி, கடைக்குள் போவோம். ஐரோப்பாவில் எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களை மட்டும் தனித்துத் தெரியும்படி, பெரும்பாலும் தடித்த எழுத்தில், அச்சடித்தே ஆகவேண்டும், தெரியுமா? பாலும் முட்டையும் மீனும் அந்தப் பதினான்கில் உண்டு. அதாவது ஒவ்வாமை உள்ளவர்களுக்காகப் போட்ட சட்டம், வீகனுக்குத் தானாகக் கிடைத்த வரம்! ஜெர்மன் ஒரு அட்சரம் தெரியாவிட்டாலும், தடித்த எழுத்தில் ‘மில்ஹ்’ இருந்தால் பால், ‘ஐ’ இருந்தால் முட்டை என்று கண் பழகிவிடும். ஆனால் ஜாக்கிரதை! தேன் அந்தப் பதினான்கில் இல்லை. ஜெலட்டின் இல்லை. பன்றிக் கொழுப்பும் இல்லை. ‘ஷ்மால்ட்ஸ்’ என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஜாடியில் விற்கும் சிவப்பு முட்டைகோஸிலும், சில பேக்கரிகளின் பிரெட்ஸலிலும் அந்தக் கொழுப்பு சத்தமில்லாமல் இருக்கும். அப்பாவியாகத் தெரியும் ஆப்பிள் ஜூஸைக்கூட ஜெலட்டின் போட்டுத் தெளிய வைப்பது உண்டு. வடிகட்டும்போது அது போய்விடுவதால் பாக்கெட்டில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை! கலங்கலான ஜூஸாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை கிடையாது.

சிவப்பு நிற மிட்டாயைத் திருப்பிப் பாருங்கள். ஈ120 என்று போட்டிருந்தால் அது கொச்சினீல். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் பூச்சியைக் காயவைத்து எடுக்கும் சாயம். ஒரு கிலோ காய்ந்த பூச்சிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள்! இந்தப் பூச்சிக்கும் நம்ம சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு, தெரியுமா? 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர், இந்தச் சாயத் தொழிலை மதராஸில் தொடங்கிவிட வேண்டும் என்று சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். இன்றைக்கு பஸ்ஸும் மெட்ரோவும் ஓடுகிற அதே சைதாப்பேட்டை! மிட்டாய்ப் பாக்கெட்டில் ஈ120-க்குப் பக்கத்திலேயே ஈ904 என்று இன்னொரு எண்ணும் இருக்கலாம். மிட்டாய் பளபளக்கப் பூசும் ஷெல்லாக். நமக்குத் தெரிந்த அரக்குதான்! பாண்டவர்களை உள்ளே வைத்துக் கொளுத்தப் பார்த்த மாளிகையின் அதே சரக்கு, சாக்லேட் உருண்டையின் மேலே. அதுவும் பூச்சி தருவதுதான், வீகனுக்கு ஆகாது.

சர்க்கரை? அமெரிக்காவில் சில ஆலைகள் கரும்புச் சர்க்கரையை மாட்டு எலும்புக் கரி வழியாக வடித்து வெள்ளையாக்குகின்றன. ஜெர்மனியில் கடைச் சர்க்கரை பெரும்பாலும் பீட்ரூட் குடும்பத்து வெள்ளைக் கிழங்கிலிருந்து வருவது. அதற்கு எலும்புக் கரி வேண்டியதில்லை. அந்தக் கிழங்குக்குள் சர்க்கரை ஒளிந்திருப்பதை 1747-ல் கண்டுபிடித்தவர் பெர்லின்காரரான மார்க்கிராஃப். அவருடைய மாணவர் ஆஷார்ட் 1801-ல் உலகின் முதல் கிழங்குச் சர்க்கரை ஆலையைத் தொடங்கினார். நாம் போடும் காபிக்குள் இவ்வளவு சரித்திரம்!

காபி என்றதும் பால் ஞாபகம் வருகிறது. இங்கே ஓட்ஸ் பாக்கெட்டில் ‘பால்’ என்று போடக்கூடாது, 2017-ல் ஐரோப்பிய நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ‘ஓட்ஸ் பானம்’ என்றுதான் தேட வேண்டும். மாட்டுப்பாலுக்கு 7 சதவீத வரி, ஓட்ஸ் பானத்துக்கு 19 சதவீதம்! இந்த ஓர வஞ்சனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பானம் எப்படிப் பிறந்தது என்று தெரியுமா? 1990-களில் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரிக்கார்ட் ஓஸ்டே என்ற விஞ்ஞானி ஓட்ஸ் கரைசலில் நொதியைச் சேர்த்தார். அது மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைத்தது. ஒரு துளி சர்க்கரை போடாமலே இனிப்பு! வாயில் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதே, அங்கே நம் எச்சில் செய்யும் அதே வேலை.

ஃபில்டர் காபிக்கு ‘பாரிஸ்டா’ என்று போட்ட பாக்கெட்டை எடுங்கள். டிகாக்‌ஷனின் சூடும் புளிப்பும் சேர்ந்து சோயா பாலைச் சில நேரம் திரித்துவிடும். பாரிஸ்டா வகைகளில் அந்தப் புளிப்பைச் சமாளிக்க டைபொட்டாசியம் பாஸ்பேட் என்ற உப்பைச் சேர்ப்பார்கள். அதனால் நுரை நிற்கும், திரியாது. டபராவில் ஆற்றினால்கூடத் தாங்கும்!

தயிர்? அதுதான் தமிழருக்குப் பெரிய கேள்வி. சாம்பார், ரசம், பொரியல், கூட்டு எல்லாவற்றிலும் நெய்யைத் தள்ளினால் வீகன்தான். தயிர் சாதம் இல்லாமல் எப்படிச் சாப்பாட்டை முடிப்பது? மிளகாய்க் காம்பை வைத்து சோயா பாலில் தயிர் தோய்க்கலாம், தெரியுமா? காம்பில் புளிக்க வைக்கும் பாக்டீரியா இயல்பாகவே ஒட்டியிருக்கிறது! சோயாவும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த பாலாகப் பார்த்து வாங்குங்கள், வெனிலாவும் சர்க்கரையும் கலந்தது வேண்டாம். அரை லிட்டரைக் காய்ச்சி, விரல் வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். பச்சை மிளகாய்க் காம்புகளைத் தலைப்பாகையோடு கிள்ளி பத்துப் பன்னிரண்டு போட்டு மூடுங்கள். ஓவனைப் பற்றவைக்காமல் உள்ளே விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். பழைய குண்டு பல்பின் சூடே போதும். எல்.இ.டி. விளக்கு என்றால் சூடு வராது, போர்வையைச் சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வையுங்கள். காலையில் கிடைப்பது கொஞ்சம் நெகிழ்வாக இருக்கும், வாசனையும் அவ்வளவு பிடிக்காது. அதை அப்படியே சாப்பிட வேண்டாம். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலில் உறை குத்துங்கள். அப்போது பாருங்கள், கத்தியால் வெட்டலாம் போலத் தயிர்! கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் தயிர் சாதத்துக்குத் தயிர் சாதம். ஓட்ஸ் பாலில் மட்டும் இதை முயல வேண்டாம். கட்டிப்படும் அளவுக்கு அதில் புரதம் கிடையாது.

இப்போது தலைப்பில் சொன்ன ஆளுக்கு வருகிறேன்! அவர் பெயர் லூகோநோஸ்டாக் மெசன்டராய்ட்ஸ். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் பிறந்ததிலிருந்து நமக்குப் பழக்கமானவர். உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வரும் பாக்டீரியா. அரைத்து உப்புப் போட்டுக் கரைத்த மாவில் கரியமில வாயுவை விட்டு, காலையில் பாத்திரத்தின் விளிம்பு வரை பொங்க வைப்பவர் இவர். இட்லி மாவு உப்புவதில் முக்கியப் பங்கு இவருக்கே என்று ஆய்வாளர்கள் 1960-களிலேயே கண்டு எழுதிவிட்டார்கள். உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். அதனால்தான் இட்லி பஞ்சு.

ஜெர்மனியின் தேசியப் பதார்த்தம் என்றே சொல்லலாம், சவர்க்ராட். முட்டைகோஸை மெல்லிசாகச் சீவி, எடையில் இரண்டு சதவீதம் உப்புப் போட்டுப் பிசைந்து, அதன் சாறே மேலே வந்து மூடும்படி ஜாடியில் அமுக்கி வைப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் குமிழ் குமிழாக வரத் தொடங்கும். அந்தக் குமிழைக் கிளப்பும் முதல் ஆள் யார் தெரியுமா? அதே லூகோநோஸ்டாக் மெசன்டராய்ட்ஸ்! கும்பகோணத்து இட்லிக் குண்டானிலும் நூரம்பர்க் பாட்டியின் ஜாடியிலும் ஒரே உயிர்! இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்குச் சமையலறையில் கால் தரிக்கவில்லை. ஒரே ஒரு வித்தியாசம். மாவை நாம் காலையிலேயே வேகவைத்துவிடுகிறோம். ஜாடியிலோ புளிப்பு ஏற ஏற இவர் ஒதுங்கிக்கொள்வார், புளிப்பைத் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் வந்து வாரக்கணக்கில் வேலையைத் தொடரும். 1768-ல் கேப்டன் குக் கப்பலேறியபோது பீப்பாய் பீப்பாயாக இதைத்தான் ஏற்றிக்கொண்டு போனார், மாலுமிகளுக்கு ஸ்கர்வி வராமல் இருக்க. வைட்டமின் சி அவ்வளவு!

சந்தையில் பீப்பாயிலிருந்து அள்ளித் தரும் சவர்க்ராட் கிடைத்தால் விடாதீர்கள். கடை ஜாடிகள் பெரும்பாலும் சூடேற்றி மூடியவை, உயிர் இருக்காது. பிழிந்து எடுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய் தாளித்து, தேங்காய்த் துருவல் தூவி ஒரு பிரட்டுப் பிரட்டுங்கள். உப்புப் போடவே வேண்டாம், அதில் வேண்டிய அளவு இருக்கிறது. மாங்காய் போட்ட கோஸ் பொரியல் என்று சத்தியம் செய்வீர்கள். பருப்பு சாதத்தோடு அப்படி ஒரு பொருத்தம்!

ரொட்டிக்கும் பயமில்லை. கோதுமைக்கு நெருங்கிய உறவான ரை தானியத்தில் செய்யும் கறுப்பு ரொட்டியில் மாவு, தண்ணீர், உப்பு, புளித்த மாவு, அவ்வளவுதான். ஜெர்மன் ரொட்டிப் பதிவேட்டில் 3000-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, தெரியுமா? உருளைக்கிழங்கும் அப்படியே. 1756-ல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் ‘எல்லோரும் உருளைக்கிழங்கு பயிரிடுங்கள்’ என்று அரசாணையே போட்டார். போட்ஸ்டாமில் அவர் கல்லறை மேல் இன்றும் ஜனங்கள் பூவுக்குப் பதில் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள்!

இந்தியாவின் காலா நமக் உப்புதான் ஜெர்மன் வீகன்களின் ‘முட்டை’ என்று தெரியுமா? கடுக்காய், கரி எல்லாம் சேர்த்துச் சூளையில் சுட்ட அந்த உப்பில் கந்தகச் சேர்மங்கள் உண்டு. வேகவைத்த முட்டையின் வாசனையும் கந்தகத்தின் வாசனைதானே! டோஃபுவை உதிர்த்து, மஞ்சள்தூள் போட்டு வதக்கி, இறக்கும்போது ஒரு சிட்டிகை தூவினால் முட்டைப் பொரியல் தயார். முதலிலேயே போட்டால் வாசனை பறந்துவிடும். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் இன்னொரு அதிசயம். 2014-ல் ஜோயல் ரொசெல் என்ற பிரெஞ்சுக்காரர் அதை அடித்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைக்கிறது என்று கண்டுபிடித்தார். நவராத்திரியில் சுண்டலுக்கு வடித்துக் கொட்டுகிறோமே, அதே தண்ணீர்! கெட்டியாக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். நீர்த்துப்போயிருந்தால் அடுப்பில் சுண்டவைத்து, குளிரவைத்து அடியுங்கள். பச்சைப் பன்றி இறைச்சியை வெங்காயத்தோடு ரொட்டியில் தடவித் தின்பது வடக்கு ஜெர்மனியில் பழக்கம். அதன் வீகன் வடிவத்தை எதில் செய்கிறார்கள் தெரியுமா? அரிசிப் பொரியில்! பொரி பிஸ்கட்டை நொறுக்கி, தக்காளி விழுதும் தண்ணீரும் ஊற்றிப் பிசைந்து, வெங்காயமும் மிளகும் சேர்த்துவிடுகிறார்கள். பார்வைக்கு அச்சு அசல்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். வைட்டமின் பி12-ஐ எந்தச் செடியும் செய்வதில்லை, எந்த விலங்கும் செய்வதில்லை, பாக்டீரியா மட்டுமே செய்யும், தெரியுமா? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 மைக்ரோகிராம் என்கிறது ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கம். கண்ணுக்கே தெரியாத அளவு, ஆனால் இல்லாவிட்டால் ரத்தமும் நரம்பும் கெடும். வீகன் என்றால் மாத்திரை கட்டாயம், இதில் இட்லி மாவும் சவர்க்ராட்டும் உங்களைக் காப்பாற்றாது. வைட்டமின் டி-யும் அப்படியே. சென்னை 13-வது அட்சரேகையில் இருக்கிறது, பெர்லின் 52-ல். அக்டோபர் முதல் மார்ச் வரை இங்கே வெயிலில் நின்றாலும் தோலில் டி சுரக்காது. கடையில் விற்கும் டி3 பெரும்பாலும் செம்மறி ஆட்டு ரோமத்தின் எண்ணெய்ப்பசையிலிருந்து எடுப்பது! வீகன் டி3 எதிலிருந்து வருகிறது தெரியுமா? பாறையிலும் மரத்திலும் படரும் லைக்கனிலிருந்து. செட்டிநாட்டுக் குழம்புக்குப் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான்! ஆனால் கல்பாசியைத் தின்று டி கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், அவ்வளவே. மருத்துவரிடம் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு அளவைக் கேட்டு வாங்குங்கள்.

கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் எங்கே போவது என்றுதானே கேட்கிறீர்கள்? தமிழ்க்கடைக்கு! போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் இந்த நாட்டில் கடையும் கோயிலும் கட்டி வைத்திருக்கிறார்கள். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-ல் கும்பாபிஷேகம் நடந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய இந்துக் கோயில்களில் ஒன்று அது! அவர்களுடைய சமையலில் மாட்டுப்பால் இருக்கும் இடத்தைவிடத் தேங்காய்ப்பால் இருக்கும் இடம் அதிகம். வெங்காயமும் பச்சை மிளகாயும் வெந்தயமும் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து இறக்கும் சொதி, யாரும் வீகன் என்று பெயர் வைப்பதற்கு முன்பே வீகன். இடியாப்பத்தோடு சாப்பிட்டுப் பாருங்கள்!

அந்தக் கடையிலேயே இன்னொன்றும் வாங்கிவிடுங்கள். ஜெர்மன் சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சிக்கு மாற்று என்று அலமாரியில் அழகழகாக அடுக்கி, விலையும் வைத்து விற்கிறார்களே, அது என்ன தெரியுமா? நம்ம பலாக்காய்! பிஞ்சுப் பலாவை நார் நாராகப் பிய்த்து, மசாலா தடவி, பர்கரில் வைத்துத் தின்கிறார்கள். தமிழ்க்கடையில் அதே பிஞ்சுப் பலா டப்பாவில் கிடைக்கும். லேபிளை மட்டும் நன்றாகப் பாருங்கள். உப்புநீரில் ஊறியதுதான் குழம்புக்கு. சர்க்கரைப் பாகில் ஊறிய பழுத்த சுளையும் அதே மாதிரி டப்பாவில் பக்கத்திலேயே இருக்கும்.